அழித்தது திரும்பி வந்த வருஷம்

மணல்விளையில் பழைய கீபோர்டுகள் தாமாகவே தட்ட ஆரம்பித்த வருஷம் ஊரில் மழையே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு, அவர்கள் பேச்சை நம்ப வேண்டாம். மழை பெய்தது, தேரிமணல் நனைந்தது, பனையில் பதநீர் இறங்கியது, பத்திர ஆபீஸ் வாசலில் அண்ணன் தம்பிகள் வழக்கம்போல் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது, ஆபீஸுக்கு எதிரே மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த பியூலாவின் மேசையில் மட்டும் ஒரு பொருள் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. ஏன் மாற்றிக்கொண்டது என்று கேட்டவர்கள் மொத்தம் மூன்று பேர். மூன்று பேரும் வெளியூர்.

பியூலாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பழைய கீபோர்டைப் புதிய கம்ப்யூட்டரில் புகையாமல் மாட்டித் தர சுற்றுவட்டாரத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. மாட்டுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கிறவர்கள் ஒருமுறை தாங்களே மாட்டிப் பார்த்து, கருகிய வாடையோடு படியேறி வருவார்கள். ஆதிகாலத்துக் கீபோர்டின் வால்முனையில் கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் உருண்டை, உள்ளே ஐந்து முள்; அதற்குப் பின்னால் வந்ததற்குச் சின்ன உருண்டை, ஆறு முள்; இன்றைய கம்ப்யூட்டரிலோ தட்டையான யூஎஸ்பி பொந்தைத் தவிர வேறில்லை. ஐந்து முள்ளிலிருந்து ஆறு முள்ளுக்கு ஒரு துண்டு போதும், அது வெறும் கம்பிவேலை. ஆறிலிருந்து தட்டைக்குப் போக உள்ளே சிப் வைத்த டப்பா வேண்டும். சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும் ஊதா நிற அடாப்டரில் அந்தச் சிப் இருக்காது. "மாப்பிள்ளைக்குத் தமிழ்தான் தெரியும், பொண்ணுக்கு இந்திதான் தெரியும்னா நடுவுல பேச ஒரு ஆளு வேணும்லா, வெறும் வாசக்கதவு போதுமா" என்று பியூலா கேட்பாள். அதற்குமேல் கம்ப்யூட்டரை அணைத்த பிறகுதான் மாட்ட வேண்டும், அணைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். அந்தக் காலத்துக் கீபோர்டுகள் பசி அதிகம் உள்ளவை என்பதால் தனியாகக் கரண்ட் வாங்கும் பெட்டி ஒன்றை நடுவில் வைத்து, அதன் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் அவள் வேதவசனம் சொல்வதுபோல ஒவ்வொருவருக்கும் சொல்வாள், ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் வந்தது பத்திரம் எழுதும் வெயிலுமுத்து அண்ணாச்சியின் கீபோர்டு. புதுக் கீபோர்டுகள் அப்பளம்போல் இருக்கின்றன, விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்று சலித்துக்கொண்டு, பீரோவுக்கு மேலே கிடந்த பழையதைத் தூசி தட்டிக் கொண்டுவந்திருந்தார். பியூலா முள்ளெல்லாம் நேராக இருக்கிறதா என்று பார்த்து, துண்டை மாட்டி, டப்பாவை மாட்டி, கம்ப்யூட்டரை உயிர்ப்பித்துவிட்டுக் கையை எடுத்தாள். கை எடுத்த பிறகும் எழுத்துக் கட்டைகள் ஒவ்வொன்றாக அமுங்கின. திரையில் மூத்தவனுக்கு என்று வந்தது. மறுபடி மூத்தவனுக்கு. மறுபடியும் மூத்தவனுக்கு. கரப்பான் புகுந்திருக்கும் என்று அவள் நினைத்தாள், பிறகு உப்புக்காற்றில் உள்ளே எதுவோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள், முறைப்படி அணைத்துக் கழற்றித் தட்டி ஊதி மாட்டினாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நான் அழிச்சதும்மா," என்றார். "இருவது வருசம் இருக்கும். பெரியவர் நெலம் மூத்தவனுக்குன்னு சொன்னாரு, அடிச்சேன். எளையவன் வந்து பக்கத்துல உக்காந்தான், அழிச்சேன். மூணு தடவ."

விஷயம் அவ்வளவுதான். அடித்து நிலைத்த எழுத்து எதுவும் வரவில்லை. அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. அடித்துவிட்டு வேண்டாம் என்று பின்னால் தட்டி அழித்தார்களே, அந்த எழுத்துகளையெல்லாம் பழைய கீபோர்டுகள் இத்தனை வருஷமாக உள்ளேயே வைத்திருந்து, அடாப்டரும் நடுவில் ஓர் ஆளும் கிடைத்த உடனே, அழித்த வரிசையிலேயே, அழித்த விரலின் வேகத்திலேயே, திருப்பிக் கொடுத்தன. ஒருமுறை முழுதும் கொடுத்து முடித்துவிட்டால் அப்புறம் அது சாதாரணக் கீபோர்டு. திரையில் வந்ததைப் பார்த்துப் பதறி மறுபடி அழித்தால், அதுவும் அழித்ததுதானே, கடைசியில் மறுபடி வரும்.

இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரண்களை இறக்கியது. மூடிக் கிடந்த பிரவுசிங் சென்டர்களிலிருந்தும், டுட்டோரியல்களிலிருந்தும், ஊருக்கு வெளியே சீமைக்கருவேலங்காட்டில் கொட்டிய குப்பையிலிருந்தும் கீபோர்டுகள் சாக்கில் கட்டி வந்தன. வரிசையில் நிற்க இடம் போதாமல் மாடிப்படியில் ஆளுக்கொரு படியாக உட்கார்ந்தார்கள், கீபோர்டைக் கைப்பிள்ளைபோல் மடியில் வைத்துக்கொண்டார்கள், யாருடையதில் என்ன வந்தது என்று மேல்படி ஆள் கீழ்படி ஆளுக்குச் சொல்லச் சொல்ல, அது தெருவுக்கு இறங்கும்போது இன்னும் நாலு எழுத்து கூடியிருக்கும். கோயில் பாட்டுக்குழுவில் இசைக் கீபோர்டு வாசிக்கும் சாலமோன் தன் வாத்தியத்தையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, மணல்விளையில் கீபோர்டு என்றால் பாதிப்பேருக்கு அதுதான்; போதாததற்கு அதன் வயரிலும் அதே உருண்டை, அதே ஐந்து முள். அச்சாகப் பொருந்தும். பொருந்துவதெல்லாம் சேர்த்தி ஆகிவிடாது, இதை மாட்டினால் உன் வாத்தியமும் போகும் என் டப்பாவும் போகும் என்று பியூலா சொன்னபோது, தான் தப்பாக வாசித்த சுரங்களைப் பற்றி ஆண்டவர் என்ன வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதாகச் சொல்லி அவன் அழுதான்.

எழுத்து வந்த விதத்தில் ஒரு சிக்கல் இருந்தது, அதையும் ஊர் பழகிக்கொண்டது. பழைய டைப்ரைட்டிங் முறையில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்டுவார்கள். புதுக் கம்ப்யூட்டருக்கு எழுத்து முதலில் வர வேண்டும், கொம்பு பின்னால் வர வேண்டும். அதனால் 'போ' என்று அடித்தது 'ேபா' என்று வந்தது, கொம்பு தனக்கென ஓர் ஆள் இல்லாமல் புள்ளி வட்டத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. கொம்பை அடுத்த எழுத்துக்குக் கொடு, அடுத்த எழுத்துக்குக் கொடு என்று சொல்லிச் சொல்லி ஊரே வாசிக்கக் கற்றது. அப்படியும் ஒருத்தர் வாசித்ததை இன்னொருத்தர் ஒத்துக்கொள்ளாமல் கடையிலேயே அடிதடி ஆனபோது பியூலா ஒரு சட்டம் போட்டாள்: கீபோர்டுக்காரர் தனியாக உட்கார்ந்து பார்க்கக் கூடாது, ஒருத்தர் வாய்விட்டு வாசிக்க வேண்டும், இன்னொருத்தர் சாட்சியாகக் கேட்க வேண்டும், யாராக இருந்தாலும் இதுதான். தாசில்தார் வந்து கேட்டபோதும் இதையே சொன்னாள்.

ஆறு மாதத்தில் அது ஊர்வழக்கம் ஆகிப்போனது. பெண் பார்க்க வந்தால் ஜாதகத்தோடும் ஞானஸ்நானச் சீட்டோடும் மாப்பிள்ளை வீட்டுக் கீபோர்டையும் கேட்டார்கள். கீபோர்டு இல்லை, எல்லாம் போனில்தான் என்று சொன்ன மாப்பிள்ளைக்கு மதிப்புக் குறைந்தது, ஏனென்றால் போன் எதையும் நினைவு வைத்துக்கொள்வதில்லை என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. சபைப் போதகர் ஐயர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் மனுஷன் அழிப்பான், தேவன் அழிப்பதில்லை என்றார், அந்தப் பிரசங்கத்தை அடித்த கீபோர்டை மட்டும் வேதக்கோயில் கிணற்றில் போட்டுவிட்டார். ஒரு நாள் அரசாங்க ஆபீஸ்களில் பழைய கீபோர்டை யாரும் வெளியே கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது, மறுவாரம் அப்படிப்பட்ட கீபோர்டுகள் எதுவும் எங்கும் இருந்ததே இல்லை என்று இன்னொன்று வந்தது. பயத்தில் ஊர் அழிப்பதையே நிறுத்தியது. தப்பாக அடித்தால் தப்பாகவே விட்டார்கள். கல்யாண போஸ்டரில் மணமகள் மகமகள் ஆனாள், ஜவுளிக்கடை போர்டில் ஆடி தள்ளுபடி ஆடு தள்ளுபடி ஆனது, ஒருவரும் சிரிக்கவில்லை.

இதில் நல்லது நடந்ததா என்றால், நடந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. பிரியத்தை எழுதி வெட்கப்பட்டு அழித்தவர்களும் இருந்தார்கள், ஆனால் அந்தப் பிரியத்துக்கு உரியவர்கள் அநேகமாக வேறு வீட்டில் பிள்ளை பெற்றிருந்தார்கள், இல்லை, செத்திருந்தார்கள். மற்றபடி வந்ததெல்லாம் சில்லறைக் கேவலங்கள். வாத்தியார் ஒருவர் முப்பத்தைந்தை அழித்து முப்பத்துநான்கு போட்டிருந்தார். ஒரு மகன் அம்மாவுக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டு வேலை இருக்கிறது என்று மாற்றியிருந்தான். வெயிலுமுத்து அண்ணாச்சி சொல்லித் தெரிந்துகொண்ட அந்த அண்ணன் தம்பி இருவரும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் பேச்சில்லாமல் கிடந்தார்கள். கீழே இறங்கிப் போகிறவர்களின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பியூலா படிக்கட்டுக்கு முதுகு காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அவளிடமும் ஒரு கீபோர்டு இருந்தது. அது அவள் புருஷன் ஞானதுரையுடையது.

ஞானதுரை அந்தக் கடையில் டிடிபி வேலை பார்த்தவன்; கடைக்குப் பின்கட்டுதான் அவர்கள் வீடு. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கன்வென்ஷன் நோட்டீஸ் எல்லாம் அவன் விரலில் பிறந்தவை. புதுக் கீபோர்டுகள் வந்த பிறகும் ஐந்து முள் வைத்த அந்த இரும்புப் பாறையை விடமாட்டேன் என்று சொல்லி, அதற்கென்றே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்திருந்தான். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கம்ப்யூட்டர் திரையில் ஒரே ஒரு வரியை அடித்து வைத்துவிட்டுப் படியிறங்கினான், திரும்பவில்லை. அந்த வரி: நான் போயிட்டு வாரேன்.

நம் பக்கத்தில் யார் வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் போறேன் என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் வாயில் அடிப்பார்கள். செத்தவர்தான் போனவர். சந்தைக்குப் போகிறவரும் வாரேன் என்றுதான் சொல்வார், துபாய்க்குப் போகிறவரும் அதைத்தான் சொல்வார். ஆகவே அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, அது மனதறிந்து சொன்னதா வாய்ப்பழக்கத்தில் வந்ததா என்று யார் கண்டது? பியூலாவோ அந்தச் சொல்லின் மேல்தான் பதினோரு வருஷம் குடியிருந்தாள். திரையில் இருந்ததை அச்செடுத்து லேமினேஷன் செய்து வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். ஏழு வருஷம் கழிந்ததும் இறந்ததாகவே எழுதி வாங்கிவிடலாம் என்று வக்கீல் சொன்னபோது அதை எடுத்துக் காட்டினாள். கிறிஸ்துமஸுக்குக் கைம்பெண்களுக்குச் சேலை கொடுக்கும் பட்டியலில் யாரோ அவள் பெயரை எழுதியபோதும் காட்டினாள், சேலையைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று காலை என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான், ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது: அவிய எப்பவும் போலத்தான் இருந்தாவ, நான் பின்னால துணி அலசிக்கிட்டிருந்தேன், வந்து பாத்தேன், ஆளில்ல.

ஊரார் கீபோர்டையெல்லாம் மாட்டிக் கொடுத்தவள் இதை மட்டும் சாக்கில் சுற்றி, முள் வளையாமல் இருக்க முனையில் பாலிதீன் கட்டி, பரணில் வைத்திருந்தாள். கேட்டவர்களுக்கு அது செத்துப்போச்சு என்றாள். பயம்தான். அந்த வரியை அடிப்பதற்கு முன்னால் அவன் போறேன் என்று அடித்து, அப்புறம் பொண்டாட்டி பாவம் என்று நினைத்து அழித்து, வாரேன் என்று மாற்றியிருந்தால்? பதினோரு வருஷமும் ஒரு நிமிஷத்தில் மண்ணாகிவிடும். எழுத்து வராத வரைக்கும் வாரேன் வாரேனாகவே இருக்கும்.

அப்படியே இருந்திருக்கும், ரோஸ்லின் மட்டும் படியேறி வராமல் இருந்திருந்தால். ரோஸ்லின் ஞானதுரையின் தங்கை. அண்ணன் போனபிறகு மதினியைத் தனியாக விடக் கூடாது என்று அடுத்த தெருவிலேயே வீடு பார்த்து வந்தவள், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொண்டுவருகிறவள், பஸ் ஸ்டாண்டில் அண்ணன் சாயலில் யாரைக் கண்டாலும் பின்னாலேயே நாலு தெரு நடந்துவிட்டு வந்து மதினியிடம் சொல்லி அழுகிறவள். பதினோரு வருஷத்தில் அவன் வருவான் என்று பியூலாவோடு சேர்ந்து நம்பிய ஒரே ஜீவன் அவள்தான். அவள் மகள் ஜெமிலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையின் மாதிரித்தாளை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"கார்டு அடிக்கக் குடுக்கணும் மதினி. தாய்மாமன் பேரு எடத்துல என்ன போட?"

பேரைப் போடு என்றாள் பியூலா.

"வெறும் பேரப் போட்டா, வந்தவிய எல்லாம் தாய்மாமன எங்கன்னு கேப்பாவ. காலஞ்சென்றன்னு போட்டா நீங்க தாங்க மாட்டிய. எனக்கும் கை வரல." அண்ணன் கீபோர்டு பரண்மேல் இருப்பது தனக்குத் தெரியும் என்றும், அது சாகவில்லை என்பதும் தெரியும் என்றும், அண்ணன் மனதார வாரேன் என்று எழுதியிருந்தால் பேரைப் போட்டுக் கல்யாணத்தன்று ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைப்பேன், ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்றும் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள், அதனாலேயே பியூலாவால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வைத்தார்கள். ரோஸ்லின் வாசிக்கிறவள், வெயிலுமுத்து அண்ணாச்சி சாட்சி. படிக்கட்டில் நின்றவர்களை அண்ணாச்சி கீழே அனுப்பிவிட்டார். பியூலா பாலிதீனைப் பிரித்தாள், ஐந்து முள்ளையும் பஞ்சால் துடைத்தாள், கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள், துண்டு, டப்பா, கரண்ட் பெட்டி எல்லாவற்றையும் வரிசையாக மாட்டினாள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு பதனமாக அவள் எதையும் மாட்டியதில்லை. பிறகு சுவிட்சைப் போட்டாள்.

கட்டைகள் பாய்ந்து அமுங்கின, பத்து விரல் வேகம், ஞானதுரையின் வேகம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்ததெல்லாம் வேலையில் விழுந்த தப்புகள்: மாறிப்போன இனிஷியல்கள், யாருடைய பாட்டன் பெயரிலோ ஒரு கால், கண்ணீர் அஞ்சலியில் அடித்து மாற்றிய தேதி, ஸ்தோத்திரப் பாட்டில் தவறிய ஒரு அடி. அவற்றுக்கு நடுவே, பத்து வரிக்கு ஒருமுறை, இருபது வரிக்கு ஒருமுறை, பியூலா என்று வந்தது. கீபோர்டைத் துடைத்துச் சுத்தம் செய்யும்போதெல்லாம் கட்டைகள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க அவன் எதையாவது அடித்துப் பார்த்து அழிப்பது வழக்கம். அடித்துப் பார்த்தது அவள் பெயரை. அதில் கொம்பே கிடையாது, ஆகவே அது மட்டும் உடையாமல் முழுசாக வந்தது. பியூலா, பியூலா, பியூலா. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை தடவை என்று ரோஸ்லின் எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கை விட்டுப்போய்ச் சிரித்தாள்.

பிறகு வேதக்கோயிலில் எல்லாருக்கும் சோறு போடும் அசன விருந்து நோட்டீஸின் முறை வந்தது. அதுதான் அவன் கடைசியாகச் செய்த வேலை, போவதற்கு முந்தின நாள் முடித்தது. அதில் இரண்டு எழுத்து அழித்திருந்தான். அந்த இரண்டும் வந்தபிறகு அடுத்தது அந்த வரியாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்றும் வரவில்லை.

கட்டைகள் அப்படியே நின்றன. போறேனும் இல்லை, வேறெதுவும் இல்லை, ஒரு புள்ளிகூட அவன் அந்த வரியில் அழிக்கவில்லை. யோசிக்காமல், தயங்காமல், ஒரே மூச்சில் நான் போயிட்டு வாரேன் என்று அடித்திருக்கிறான். "மனசறிஞ்சுதான் எழுதியிருக்காவ மதினி" என்று ரோஸ்லின் பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய பியூலா திரையைப் பார்க்கவில்லை, கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டீஸுக்கும் அந்த வரிக்கும் அப்புறம் அந்தக் கீபோர்டில் கைவைத்த ஆள் இன்னொருத்தி உண்டு என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கட்டைகள் மறுபடி அமுங்கின. இந்தமுறை மெதுவாக, ஒவ்வொன்றாக, தேடித் தேடி, இரண்டே விரலில்.

நான் ேபாய்

"நான் போய்..." என்று ரோஸ்லின் கொம்பை எடுத்து அடுத்த எழுத்துக்குக் கொடுத்து வாசித்தாள், அவள் முகம் மலர்ந்தது. "பாத்தியளா, அதையேதான் இன்னொருக்கவும் அடிச்சிருக்காவ."

நான் ேபாய்த் ெதாைல என்று ெசான்ேனன்

ரோஸ்லின் வாசிக்க நேரம் பிடித்தது. ஒரு கொம்பை இங்கே எடுத்து அங்கே வைத்தாள், அது பொருந்தியது அவளுக்குப் பிடிக்காமல் திரும்ப எடுத்து முந்தின எழுத்தில் வைத்துப் பார்த்தாள், அங்கே அது நிற்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுத்த மனுவை ஞானதுரை போன மறுநாள் அந்தக் கீபோர்டில்தான் பியூலா அடித்தாள். உண்மையைத்தான் முதலில் அடித்தாள். அடித்ததைப் படித்துப் பார்த்து, பின்னால் தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, எப்போதும் போலத்தான் இருந்தார் என்று எழுதினாள். பிறகு மனசு கேளாமல் அந்த வரிக்குக் கீழே மறுபடி உண்மையை அடித்தாள். அழித்தாள். அப்படி ஐந்து முறை. கடைசியில் மனுவில் நின்றதைத்தான் ஊருக்கும் சொன்னாள், சொல்லிச் சொல்லி அவளுக்கே அது நடந்ததாகிப்போனது, பின்னால் துணி அலசிய ஈரம்கூடக் கையில் தெரிய ஆரம்பித்தது.

திரும்பி இந்த வாசைல மிதிக்காேத என்று ெசான்ேனன்

"நான், போய்த் தொலை என்று, சொன்னேன்," என்று வாசித்தாள் ரோஸ்லின். சட்டப்படி வாய்விட்டுத்தான் வாசித்தாள், குரலில் ஏற்றமில்லை இறக்கமில்லை. "திரும்பி, இந்த வாசலை, மிதிக்காதே என்று, சொன்னேன்."

அது மறுபடி வந்தது. ரோஸ்லின் மறுபடி வாசித்தாள். மூன்றாவது தடவையும் வந்தது, மூன்றாவது தடவையும் வாசித்தாள். பியூலாவின் விரல் தானாக அழிக்கும் கட்டைக்குப் போனது. அழித்தால் திரும்ப வரும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தான் என்பதால் அங்கேயே நின்றது. ஐந்து தடவையும் முடிந்தபின் கட்டைகள் ஓய்ந்தன. அண்ணாச்சி எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கீழே இருந்தவர்கள் என்ன வந்தது என்று கேட்பதும், அவர் ஒன்றுமில்லை என்று சொல்வதும் மேலே கேட்டது.

சண்டை எதற்கு என்றுகூட இப்போது பியூலாவுக்குச் சரியாக ஞாபகமில்லை, பிள்ளையில்லாத வீட்டில் சண்டைக்குக் காரணமா வேண்டும். அவன் வருவதாகத்தான் சொல்லிப் போனான். வராதே என்று சொன்னது அவள். பதினோரு வருஷமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் அவள்தான், அந்தக் கதவைச் சாத்தியவளும் அவள்தான், இடையில் இந்தத் தங்கச்சிக்காரி ஊர் ஊராக, பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டாக அண்ணன் முகத்தைத் தேடி அலைந்திருக்கிறாள். ரோஸ்லின் கத்துவாள், சபிப்பாள், மாதிரித்தாளைக் கிழித்து முகத்தில் எறிவாள் என்று பியூலா எதிர்பார்த்தாள், எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரோஸ்லின் எதுவும் செய்யவில்லை. திரையில் உடைந்து கிடந்த கொம்புகளையே பார்த்துக்கொண்டு, பியூலாவின் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணன் சாப்பிட்டுட்டாவது போனாவளா மதினி?"

அதைப் பற்றி அந்தக் கீபோர்டில் யாரும் எதையும் அடித்ததுமில்லை, அழித்ததுமில்லை. ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும், இல்லை என்று எதிர்த்துச் சொல்ல இந்த உலகத்தில் எந்த எழுத்தும் கிடையாது. பதினோரு வருஷமாக வராத அழுகை பியூலாவுக்கு அப்போதும் வரவில்லை.

"இல்ல," என்றாள். "தட்டு முன்னால உக்காந்திருந்தாவ. முத வாய் எடுக்கையில நான்தான் தட்டப் பிடுங்கினேன்."